இன்னும் ஒரு சுற்று

இங்கே கடலுக்குப் போக
நூற்றொன்றாம் நம்பர் பேருந்து போதும்.
கொம்தாரில் ஏறினால் பத்து பெரிங்கி வரை
உட்கார இடம் கிடைக்காது.
தொல்லை அவ்வளவுதான்.

ஆனாலும் குமரேசன்
சட்டைப்பையில் மூன்று பாஸ்போர்ட்டும் வைத்துக்கொண்டுதான்
நீச்சலுக்கு வருகிறார்.

தெமா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம்.
வெள்ளி இரவே பை கட்டுவோம்:
மஞ்சள் காய்ச்சல் அட்டை,
அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை,
உறைக்குள் எட்டாக மடித்த நோட்டு.
அந்த ஊரில் பணத்தின் பெயர் செடி.
பறிக்கத் தெரிந்தவர்கள்
எல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அஃப்லாவோவில் காரை நிறுத்திவிட்டு
எடெம் எங்களோடு நடந்து வருவான்.
வாசலில் நிற்பவரிடம் எவே மொழியில் ஏதோ சொல்வான்,
அவர் சிரிப்பார்,
இவன் அந்தப் பக்கம் நிற்பான்.
லோமேயில் அவன் அக்கா வாழைக்காய் பொரித்து விற்கிறாள்.
"அவ வீட்டு வாசல்ல யாரோ கோடு போட்டுட்டுப் போயிட்டான், மேடம்."
எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம்.
அவனுக்கு ஒரு கொட்டாவி.

அப்புறம் கடல்.
இந்தப் பக்கம் பார்த்த அதே கடல்,
அங்கே பிரெஞ்சில் அலையடித்தது.
துண்டை விரித்துப் படுக்கும்போது
எதையோ ஜெயித்து வந்த மாதிரி இருக்கும்.
ஞாயிறு மாலை அதே வரிசையில் நின்று
ஜெயித்ததைத் திருப்பிக் கொடுப்போம்.

வேனிலுக்கு அப்போது நாலு வயது.
இப்போது ஏழு.
பத்து பெரிங்கி மணலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்கிறாள்:
"கேட் எங்கம்மா?"
இங்க கேட் கிடையாதுடி.
"அப்ப இது சும்மா கடலா?"

சும்மா கடல்தான்.
பாராசூட்டில் தொங்குகிறார்கள்,
வாழைப்பழப் படகில் கத்துகிறார்கள்.
ஒருவன் குதிரையோடு வந்தான்.
பழுப்புக் குதிரை, ஒரு காது மட்டும் மடங்கியது.
இரண்டு சுற்று முப்பது வெள்ளி என்றான்.
ரஃபிகுல் என்று பெயர் சொன்னான், போலா என்று ஊர் சொன்னான்.
அது எங்கே என்று கேட்டதற்கு
குதிரையின் முதுகில் விரலால் ஓர் ஆறு வரைந்து காட்டினான்.

முதல் சுற்று முடியும்போது
சவுக்கு மரங்களுக்குப் பின்னால் வேன் நின்றது.
நாலு பேர், ஒரு பெண் அதிகாரி.
மணலில் பூட்ஸ் புதையப் புதைய வந்தார்கள்.

குமரேசனின் கை பைக்குப் போனது,
மூன்றும் வெளியே வந்துவிட்டன.
அந்தப் பெண் பார்த்தாள், சிரித்தாள்,
வேண்டாம் என்று தலையசைத்தாள்.
இரண்டு வருடம் வரிசையில் நின்று நான் ஏங்கிய சிரிப்பு.
இங்கே கேட்காமலே கிடைத்தது.

ரஃபிகுல் கைபேசியில் படம் காட்டினான்.
பெர்மிட் முதலாளியிடம் இருக்கிறதாம்.
அவர்கள் கேட்டது அஸ்லி.
அசல் என்று எனக்கே புரிந்தது.

அவன் ஓடவில்லை.
சுற்றிப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஆள் என்பதால்
கடிவாளத்தைக் குமரேசன் கையில் கொடுத்தான்.
கொடுத்துவிட்டுக் குதிரையிடம் ஏதோ சொன்னான்,
எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வேன் போய்விட்டது.
பாராசூட்காரன் அடுத்த ஆளுக்கு வார் மாட்டினான்.
ஒரு கையில் பாஸ்போர்ட்டுகள்,
மறு கையில் குதிரை.
வாழ்க்கையில் கன்டெய்னரைத் தவிர எதையும் நகர்த்தாத மனிதர்
என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன்.
நாம் ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்பா," என்றாள் வேனில், மேலே இருந்து.
"இன்னும் ஒரு சுற்று இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள்
குதிரை நடக்கத் தொடங்கியது.
அவர் இழுக்கவில்லை, அது அவரை இழுத்துப் போனது,
ஈரமணலில், யார் சொல்லியும் காத்திராமல்,
விழுந்து கிடந்த தென்னங்கட்டை வரை.

அதற்கப்பால் மணல் இருந்தது.
வேலி இல்லை, பலகை இல்லை.
குதிரை அங்கே நின்றது,
தன் பழக்கப்படி திரும்பியது.